டியர்டிராப் டிரெய்லருக்கு ப்ளைவுட்: காரைக்குடிப் பட்டறைக் குறிப்புகள்

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய, உள்ளே இருவர் படுக்கவும் பின்கதவைத் தூக்கினால் வெளியே நின்று சமைக்கவும் வசதியுள்ள டியர்டிராப் (கண்ணீர்த்துளி) டிரெய்லர் என்ற, பக்கவாட்டில் துளிபோல் வளைந்த சிறிய கூண்டு வண்டி, 1930களில் அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைகளில் கையால் செய்யப்பட்டுப் பரவியது. அதன் அளவு இன்றுவரை பெரும்பாலும் எட்டடி நீளம், நாலடி உயரம் என்றே இருப்பதற்குக் காரணம் ப்ளைவுட்தான். ஒரு முழுப் பலகையிலிருந்து ஒரு பக்கச் சுவரை இணைப்பே இல்லாமல் வெட்டியெடுத்துவிடலாம். நம் ஊர் மரக்கடைகளிலும் 8×4 அடி, அதாவது 2440×1220 மி.மீ. அளவுதான் எங்கும் கிடைக்கிறது என்பதால், நானும் அந்த அளவையே எடுத்துக்கொண்டேன். அகலத்தை மட்டும் ஐந்தடியாக வைத்தேன். நாலடி அகலத்தில் இரு சுவர்களின் கனம் போக மிஞ்சும் இடம் ஒருவருக்குத் தாராளம், இருவருக்குச் சண்டை.

இரும்புச் சட்டகம், அச்சு, கொக்கி ஆகியவற்றைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுப்பதால், பதிவு செய்யாமல் அதைச் சாலையில் இழுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டறிந்த பிறகே பலகைக்குப் பணம் கொடுப்பது நல்லது.  வண்டியின் மொத்த எடைக்கு 500 கிலோவை நான் உச்ச வரம்பாக வைத்துக்கொண்டேன். இரும்பு, சக்கரம், மெத்தை, தண்ணீர், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் கழித்துக் கூண்டுக்கென்று ஒதுக்க முடிந்தது 200 கிலோ. எந்த இடத்துக்கு எந்தப் பலகை என்ற கேள்விக்கான விடை ஒவ்வொன்றும் இந்த எண்ணிலிருந்தே வந்தது.

செட்டிநாட்டில் மரவேலை என்று வாயைத் திறந்தால் பேச்சு பர்மா தேக்கில்தான் போய் முடியும். "வீட்டுல இம்புட்டுத் தேக்கு கெடக்கையில ஒட்டுப்பலகைக்கா காசக் குடுக்கப்போறே?" என்று அப்பச்சி கேட்டார்கள். ஆசாரியும் அவர்கள் பக்கம்தான். கேள்வி நியாயமானது என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேக்கும், கர்ஜன் என்ற மரத்தில் செய்த நல்ல ப்ளைவுட்டும் கனஅளவுக்குக் கனஅளவு ஏறக்குறைய ஒரே எடைதான். ஆனால் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் நாலடி அகலத் தேக்குப் பலகை என்ற ஒன்று கிடையாது. பல துண்டுகளை ஒட்டி அப்படி ஒன்றைச் செய்தாலும், சித்திரை வெயிலில் சுருங்கி ஐப்பசி மழையில் உப்பும் மரம், ஓடுகிற வண்டியின் அதிர்ச்சியில் ரேகை வழியே பிளந்துகொள்ளும். ப்ளைவுட்டில் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள் ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் அது பெரிதாக நகராது, எளிதில் பிளக்கவும் செய்யாது. கதவு நிலையில் தேக்கு நூறு வருடம் நிற்கும் என்பது உண்மை. இந்த வண்டிக்கு நிற்பது முக்கியமில்லை, ஓட வேண்டும்.

ஆனாலும் தேக்கை முற்றிலும் ஒதுக்கவில்லை. இடிந்த பின்கட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய கைமரங்களை அறுத்து, தரையைச் சுற்றி ஈரம் தங்கும் அடிச்சட்டத்துக்கும், கதவுச் சட்டங்களுக்கும், கூரையின் குறுக்குச் சட்டங்களுக்கும் பயன்படுத்தினோம். ஸ்க்ரூவைப் பழைய தேக்கு பிடிப்பதுபோல வேறு மரம் பிடிப்பதில்லை. அதில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், எபாக்ஸி வைத்து ஒட்டுவதற்குச் சற்று முன்னால் ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இனிப் பலகைக்கு வருவோம். கடைகளில் 'கமர்ஷியல்', 'வாட்டர்ப்ரூஃப்', 'மெரைன்' என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. இவற்றில் 'வாட்டர்ப்ரூஃப்' என்பது தர நிர்ணயம் எதுவுமில்லாத விற்பனைச் சொல். இந்தியத் தர நிர்ணயத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மெரைன் ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. முன்னதில் நெடுங்காலமாக எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு வகைகள் உண்டு. கடையில் 'கமர்ஷியல்' என்று விற்கும் எம்.ஆர். பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்பட்டது. காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். எட்டு மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். ஐ.எஸ். 710 பலகை ஃபீனால் பார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்பட்டு 72 மணி நேரம் கொதித்த பிறகும் பிடிப்பு விடாமல் இருக்க வேண்டும். முழுமையாக நீர் தாங்கும் ப்ளைவுட் பசையை அமெரிக்காவின் ஹார்பர் ப்ளைவுட் நிறுவனத்தில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் 1934இல் உருவாக்கினார். இத்தகைய கூண்டு வண்டிகள் அதே பத்தாண்டில் தோன்றியது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பலகையின் மேல் 710 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது, இப்போது நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்யலாம். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நான் பார்த்த பலகைகளில் சிலவற்றில் முத்திரையே இல்லாமல் எண் மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது.

முத்திரையோடு நிற்காமல், மூன்று வகையிலும் மூன்று அங்குலச் சதுரத் துண்டுகளை வாங்கி வந்து, நெல் அவிக்கும் அண்டாவில் கம்பியால் கட்டி, மேலே கல் வைத்து அமிழ்த்திக் கொதிக்க விட்டோம். மூன்று நாள் விறகெரிக்க வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது என்பதால், காலையில் ஏற்றி இரவு வரை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கமர்ஷியல் துண்டின் ஓரம் முதலில் உப்பியது, பிறகு மூலை விரிந்தது, உச்சிப்பொழுதுக்குள் மேல் வெனீர் தனியாகக் கழன்று நீரில் மிதந்தது. அண்டா நீர் கள்ளிச்சொட்டுப் போல வெளுத்து நுரைத்தது. பி.டபிள்யூ.ஆர். துண்டு தாங்கிவிட்டது. 710 துண்டை எடுத்து வெர்னியரில் அளந்தபோது கனம் சற்றே கூடியிருந்தது. பசைக்கோட்டில் உளியை வைத்து நெம்பினால், பசை விடாமல் மரநார்தான் கிழிந்து வந்தது. நல்ல ஒட்டுக்கு அடையாளம் இதுதான்: உடைவது மரமாக இருக்க வேண்டும், பசையாக இருக்கக் கூடாது.

பசை நன்றாக இருந்தும் பலகை மோசமாக இருக்கலாம். அதற்கு விளிம்பைத்தான் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல. கர்ஜன் வெனீரின் செம்பழுப்பு நிறத்தில் எந்தப் பலகையின் முகமும் அழகாகத்தான் இருக்கும். பர்மாவிலிருந்து கர்ஜன் மரம் உருட்டுக்கட்டைகளாக வந்த காலம், மியன்மர் 2014 ஏப்ரலில் அந்த ஏற்றுமதியைத் தடைசெய்ததோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு முகவெனீர் மெலிந்துகொண்டே வருகிறது என்பது எங்கள் ஆசாரியின் புகார். எனவே முகத்தை விட்டுவிட்டு, பலகையின் நான்கு விளிம்புகளிலும் விரலை ஓட்டிப் பார்த்தோம். உள்தாள்கள் இரண்டு சந்திக்கும் இடத்தில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அது 'கேப்'. ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடு தட்டினால் அது 'ஓவர்லேப்'. இரண்டையும் சிலர் மரத்தூளும் பசையும் கலந்த பட்டியால் மூடிவிடுகிறார்கள். நகத்தால் கீறினால் பட்டி பொடியாக உதிரும், மரம் உதிராது. பிறகு பலகையைக் குறுக்குவாட்டில் நிறுத்தி விளிம்பு வழியே ஒற்றைக் கண்ணால் நோக்கி வளைவு பார்த்தோம், மூலைக்கு மூலை நாடா பிடித்துச் சதுரம் பார்த்தோம், விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய் ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டோம். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே அடுக்கின் அடியிலிருந்து நல்லதாக இழுத்துப்போட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த பலகைகளைச் சுவரில் சாத்தாமல், சமமான கட்டைகளின்மேல் படுக்கையாக அடுக்கி மேலே பாரம் வைக்க வேண்டும். இந்தப் பக்கத்து வெயிலில் சாத்திவைத்த மெல்லிய பலகை சில நாட்களிலேயே முதுகு வளைந்துவிடும்.

எடைக்கு வருகிறேன். கர்ஜன் ப்ளைவுட்டுக்குக் கனமீட்டருக்கு 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுப் பலகை 4 மி.மீ. கனத்தில் 8 கிலோவுக்குச் சற்று மேல், 6 மி.மீ. கனத்தில் 12½, 12 மி.மீ. கனத்தில் 25, 18 மி.மீ. கனத்தில் 37½ கிலோ வரும். அலமாரி செய்து பழகிய ஆசாரிகளின் கை தானாக 18 மி.மீ. பலகையைத்தான் தேடும். உள் அலமாரிகளுக்கும் தடுப்புக்கும் ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர் தேவை. அதை 18 மில்லிமீட்டரில் செய்தால் 75 கிலோ, 6 மில்லிமீட்டரில் செய்து விளிம்புகளில் மெல்லிய மரச்சட்டம் ஒட்டி விறைப்பூட்டினால் 25 கிலோ. கூண்டின் மொத்த அளவு 200 என்னும்போது இந்த ஐம்பது கிலோ வித்தியாசத்துக்கு வேறெங்கும் ஈடு கிடையாது. "ஆறு மில்லியில அலமாரியா, அண்ணே? கை வச்சா குழியும்" என்றார் ஆசாரி. சட்டம் ஒட்டிய மாதிரித் தட்டு ஒன்றைச் செய்து, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றிக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பக்கச் சுவருக்கு மூன்று வழிகள் இருந்தன. வளைவு போக ஒரு சுவரின் பரப்பு ஏறக்குறைய 2½ சதுர மீட்டர். ஒற்றை 18 மி.மீ. பலகை என்றால் சுவருக்கு 31 கிலோ. ஒற்றை 12 மி.மீ. என்றால் 21 கிலோ. உள்ளே 6 மி.மீ., வெளியே 4 மி.மீ., நடுவே 20 மி.மீ. மரச்சட்டமும் நுரைப்பலகையும் வைத்த அடுக்குச் சுவர் என்றால் 25 கிலோவை ஒட்டி வரும். எடை மட்டுமே அளவுகோல் என்றால் 12 மில்லிமீட்டர்தான் வெல்லும். நான் அடுக்குச் சுவரைத் தேர்ந்தது வெயிலுக்காக. எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை ப்ளைவுட்டைவிட நான்கு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கக்கூடியது என்பதால், அந்த 20 மில்லிமீட்டர் நுரை எட்டு சென்டிமீட்டர் கனமுள்ள ப்ளைவுட்டுக்குச் சமம். திருமயத்திலோ குன்றக்குடியிலோ பங்குனி மதியத்தில் நிழலில்லாத இடத்தில் நிற்கப்போகும் கூண்டுக்கு நான்கு கிலோ கூடுதல் ஒரு விலையே அல்ல. முப்பது மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குச் சுவர், ஒற்றைப் பலகையைவிடப் பல மடங்கு விறைப்பாகவும் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது பசை. லேமினேட் ஒட்டும் கான்டாக்ட் பசையைத் தடவினால் அதிலுள்ள கரைப்பான் நுரையையே தின்றுவிடும். எனவே பாலியூரிதேன் பசையைத்தான் பயன்படுத்தினோம்.

சுவரின் வளைவைத் தாளில் வரைவதைவிடத் தரையில் முழு அளவில் வரைவதே சரி. எங்கள் வளவின் பத்து அங்குல ஆத்தங்குடிக் கற்களின் இணைப்புக்கோடுகள் கட்டம் போட்ட தாளாகவே பயன்பட்டன. மின்கம்பி செலுத்தும் பி.வி.சி. குழாயை வளைத்து, செங்கற்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினால், கூர்முனையோ தட்டையோ இல்லாத ஓட்டமான வளைவு தானே கிடைக்கும். செங்கல்லை இரண்டு நூல் நகர்த்தினால் வண்டியின் முகமே மாறிவிடுகிறது. நின்று பார்த்து, திண்ணையில் ஏறிப் பார்த்து, ஒருவர் படுத்துப் பார்த்து அதன் பிறகே சாக்பீஸால் கோடு கிழித்தோம். கோட்டை அட்டைக்கு மாற்றி, அட்டையிலிருந்து ஒரு வார்ப்புப் பலகை செய்து, இரு சுவர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஜிக்-சாவால் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டி, ரௌட்டரால் வார்ப்பை ஒட்டி ஓட்டியதில் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாயின. இரு சுவர்களும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் கூரை முறுக்கிக்கொள்ளும்.

கூரைதான் இந்த வேலையின் மையம். முன்வளைவின் ஆரத்தை 600 மில்லிமீட்டராக வைத்திருந்தேன். மெல்லிய ப்ளைவுட் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்துவிடாது. கால் அங்குலப் பலகை, முகரேகைக்கு, அதாவது மேல் வெனீரின் ரேகைக்கு, குறுக்காக வளைத்தால் இரண்டடி ஆரம்வரை வளையும்; ரேகையின் போக்கில் வளைத்தால் ஐந்தடிக்குக் கீழே வராது. கடையில் கிடைக்கும் பலகைகளில் முகரேகை வழக்கமாக எட்டடி நீளத்தின் போக்கில்தான் ஓடும். ஆகவே பலகையின் நீளத்தை வண்டியின் நீளத்தோடு சேர்த்துப் போட்டால், வளைய மறுக்கும் திசையில் அதை வளைக்க முயல்வதாகிவிடும். ஐந்தடி அகலத்துக்கு நாலடிப் பலகை எட்டாமல் நடுவே நீளவாட்டு இணைப்பும் வரும். பலகையை வண்டிக்குக் குறுக்காகப் போட்டால் ஐந்தடி அகலமும் இணைப்பில்லாமல் கிடைக்கிறது, ரேகையும் குறுக்குச் சட்டங்களுக்கு இணையாக அமைந்து எளிதாக வளைகிறது. மிஞ்சும் மூன்றடித் துண்டுகள் அலமாரித் தட்டுகளுக்குப் போய்விடும். நான்கடிக்கு ஒருமுறை வரும் இணைப்பை ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவில் விழும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளும் புறமும் 4 மி.மீ. பலகை, நடுவே 40×20 மி.மீ. தேக்குச் சட்டங்கள், சட்டங்களுக்கிடையே நுரை என்பது கூரையின் அமைப்பு. தட்டையான மேற்பகுதியில் சட்டங்களை ஓர் அடிக்கு ஒன்றாகவும், முன்வளைவில் அரை அடிக்கு ஒன்றாகவும் வைத்தோம். பலகையின் வெளிமுகத்தில் சுடுநீரில் நனைத்த கோணிச் சாக்குகளை விரித்து, ஊறவிட்டு, மேல்முனையைச் சட்டத்தில் பூட்டி, லாரிச் சரக்கு கட்டும் ராட்செட் பட்டைகளைச் சுற்றி ஒவ்வொரு பல்லாக இறுக்கினோம். பலகை முனகும், முனகல் நின்ற பிறகு அடுத்த பல். இந்த நிலையில்தான் உள்ளே மறைந்திருக்கும் கேப் வெளிப்படும். நல்ல பலகை ஒரே ஓட்டமாக வளையும், கேப் உள்ள பலகை அந்த இடத்தில் மட்டும் மடிந்து ஒரு கோடு காட்டும். அப்படிக் கோடு காட்டிய ஒரு பலகையைப் பட்டி வைத்துச் சமாளிக்காமல் கழற்றி, அலமாரிக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் போட்டோம். வளைத்த பலகையைக் கட்டிய நிலையிலேயே உலரவிட்டு, அதன் பிறகே பசை தடவி நிரந்தரமாகப் பூட்ட வேண்டும். ஈரப் பலகையில் எபாக்ஸி பிடிக்காது.

தரைக்கு 12 மி.மீ. மெரைன் பலகை, இரண்டடிக்கு ஒன்றாக அமைந்த இரும்புக் குறுக்குச் சட்டங்களின்மேல். அடிப்பக்கத்துக்குத் தார்ப்பூச்சு இரண்டு முறை. இதில் எழுத வேறொன்றுமில்லை.

விளிம்பைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. ப்ளைவுட்டின் முகம் நீரை மெதுவாகத்தான் வாங்கும். வெட்டிய விளிம்போ குடித்துக்கொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாள் போட்டு மழித்து, முதலில் நீர்த்த எபாக்ஸியைப் பூசி, அது உள்ளிழுக்கப்பட்டு வறண்டு தெரிந்ததும் அடுத்த பூச்சுகளைக் கொடுத்து, விளிம்பு கண்ணாடிபோல் மினுங்கும்வரை விடவில்லை. ஸ்க்ரூத் துளையும் ஒரு விளிம்புதான் என்பதை எளிதில் மறந்துவிடுவோம். வெளியிலிருந்து நுழையும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, உலர்ந்தபின் நடுவில் சிறுதுளை போட்டோம். அலுப்பான வேலை, ஆனால் கூரையில் நீர் புகும் வழி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எபாக்ஸி வெயிலில் காலப்போக்கில் கெட்டுவிடும் என்பதால் அதன்மேல் பெயின்டோ தகடோ கட்டாயம் வேண்டும்.

வெளியே 0.8 மி.மீ. அலுமினியத் தகடு. மொத்தப் பரப்புக்கு 24 கிலோ. இரண்டே முக்கால் மீட்டர் நீளத் தகடு நாற்பது டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். ப்ளைவுட் அந்த அளவு நீளாது. முழுப்பரப்பிலும் பசை வைத்து ஒட்டினால் வெயிலில் தகடு அலையலையாக எழும்பும். ஆகவே தகட்டை மிதக்கவிட்டு, ஓரப்பட்டைகளால் மட்டும் பிடித்து, பட்டைக்கடியில் நெகிழும் தன்மையுள்ள சீலன்ட் கொடுத்தோம். தகட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட்.

சமையல் பகுதி பின்னால் இருப்பதால் அங்கே ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன்கொக்கியைத் தூக்கும். கொக்கியில் மொத்த எடையின் பத்து விழுக்காடாவது அழுந்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். 450 கிலோ வண்டிக்கு அது 45 கிலோ. அச்சிலிருந்து முக்கால் மீட்டர் பின்னால் 40 கிலோவை ஏற்றினால், கொக்கி அச்சிலிருந்து 2.56 மீட்டர் தள்ளி இருக்கும் என் வண்டியில், 12 கிலோ அழுத்தம் குறைந்துவிடுகிறது. அடுப்புமேடையைக்கூட 12 மில்லிமீட்டருக்கு மேல் போகவிடாததற்கும், தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைக்காமல் அச்சுக்கு முன்னால் தரைக்கடியில் பொருத்தியதற்கும் காரணம் இதுவே.

பின்கதவுதான் இன்னும் முடியவில்லை. அதன் விலா எலும்புகளை 18 மி.மீ. மெரைன் பலகையிலிருந்து வளைவாக வெட்டியிருக்கிறோம். ஒட்டிய பலகை பிடி விட்டதும் சற்று நிமிர்ந்துகொள்ளும் என்பதால், விலாவின் வளைவைச் சுவரின் வளைவைவிட ஒரு நூல் இறுக்கமாக வைத்தோம். உள்பலகை ஒட்டியாகிவிட்டது, வெளிப்பலகையை, கதவு அதன் இடத்திலேயே மூடியிருக்கும் நிலையில் பட்டை கட்டி ஒட்ட வேண்டும். கூரையோடு சேரும் கீலை நீளக்கீலாக ஒரே துண்டில் போடுவதா, அதன்மேல் ரப்பர் மடிப்பு வைப்பதா என்று ஆசாரியோடு இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கீலுக்கடியில் வடியும் நீர் இரு ஓரங்களிலும் வெளியேற வழி விட வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்.